டாலர் குறிக்கு முன்னால் ஒரு முகவரி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குன்னூரில் எங்களைப் போன்ற எழுபதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுச் சிறைதான். போன வாரம் அப்படி அடைபட்டுக் கிடந்தபோது மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கருப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். பால் கணக்குத் தீர்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டர் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எலியும் படமும் இல்லாமல் வெறும் எழுத்தால் கணினியோடு பேசுகிற இந்த முறையை நம் ஊரில் பெரும்பாலோர் கடைசியாகப் பார்த்தது ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால்தான்.

அந்தத் திரையில் தட்டுவதற்கு முன்னால் தோன்றி நிற்கும் ஒரு சின்ன வரி இருக்கிறதே, ஆங்கிலத்தில் பிராம்ப்ட் என்பார்கள், அதைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். ஒரு வரிக்கு ஒரு கட்டுரையா என்று நினைக்கலாம். அந்த வரியில் ஒரு விஷயம் இல்லாமல் போனதால் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். என்னால் இன்னொருவரும் பட்டார். அதனால் எழுதுகிறேன். ஆணைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். செய்து பார்க்கிறவர்கள் ரோமன் எழுத்தில் தட்டிக்கொள்ளவும்.

முதலில் என் பள்ளிக்கூடத்துக் கதை கொஞ்சம். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த 1954 நவம்பரில் எனக்கு நாலு வயது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்டில்தான். ஆட்சி மாறினாலும் எங்கள் பள்ளியில் மொழி மாறவில்லை. அப்பா ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அவர் காலமான பிறகு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு குன்னூரில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கே தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறி, தேர்வாணையப் பரீட்சையும் எழுதி, 1973இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 2008 வரை முப்பத்தைந்து வருடம். அந்த முப்பத்தைந்து வருடத்தில் நான் படித்த பிரெஞ்சு ஒரே ஒரு நாள்கூட எந்தக் கோப்பிலும் உதவியதில்லை. பல்லவன் காலத்துச் செப்புக்காசு போல, மதிப்பு உண்டு, செல்லாது.

ஓய்வுக்குப் பிறகுதான் அது செல்லுபடியானது. கணினியோடு எழுத்தால் பேச இடைத்தரகராக நிற்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் என்று படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு கர்வம் வந்தது. எந்தப் பாத்தியதையும் இல்லாத கர்வம்தான், இருந்தாலும் வந்தது.

பூசான் பாரிசின் எக்கோல் பொலிதெக்னிக்கில் படித்தவர். 1963இலிருந்து 1965 வரை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தார். அப்போது அங்கே சி.டி.எஸ்.எஸ். என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரே பெரிய கணினியை ஒரே நேரத்தில் பலர் தனித்தனித் தட்டச்சு முனையங்களில் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வது. 1961இல் பெர்னாந்தோ கோர்பட்டோ என்பவர் அதைச் செய்து காட்டினார். அதற்கு முன் கணினியிடம் வேலை வாங்குவதென்றால் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, மனு கொடுத்தவர் போல மறுநாள் வந்து கேட்கவேண்டும்.

பூசானுக்கு ஒரு சலிப்பு. தினமும் அதே ஆணைகளை அதே வரிசையில் தட்டவேண்டியிருக்கிறதே, இவற்றை ஒரு கோப்பில் எழுதிவைத்து, கோப்பின் பெயரை மட்டும் சொன்னால் போதாதா? அதற்காக ரன்காம் என்று ஒரு நிரல் எழுதினார். 'ஆணைகளை ஓட்டு' என்பதன் சுருக்கம். எங்கள் அலுவலகத்தில் இதை 'வழக்கமான நடவடிக்கை' என்று ஒரே சொல்லில் குறிப்பெழுதி முடிப்போம். இன்றும் லினக்ஸ் கணினிகளில் ஷெல்லின் விருப்பங்களை எழுதிவைக்கும் கோப்புக்கு '.பாஷ்ஆர்சி' என்று பெயர். அதன் கடைசியில் இருக்கிற 'ஆர்சி', பூசானின் ரன்காம்தான். அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த இரண்டெழுத்து உதிரவில்லை.

அடுத்து மல்டிக்ஸ் என்ற பெரிய அமைப்பைக் கட்டத் தொடங்கினார்கள். ஆணை வாங்கும் நிரல் அமைப்பின் வயிற்றுக்குள் புதைந்திருக்கக்கூடாது, வெளியே ஓடு மாதிரி தனியாக இருக்கவேண்டும், வேண்டாம் என்றால் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்று 1965இல் பூசான் ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டு ஊர் திரும்பினார். அதில்தான் ஷெல் என்ற பெயர். அதை நிரலாக எழுதியவர்களில் முக்கியமானவர் கிளெண்டா ஷ்ரோடர் என்ற பெண்மணி. பிற்பாடு பூசான் பிரான்சில் சிக்ளாத் என்ற கணினி வலையைக் கட்டினார். தகவலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் தன் வழியில் போய்ச் சேரட்டும் என்ற அவருடைய முறையிலிருந்து இணையத்தை வடித்தவர்கள் நிறைய எடுத்துக்கொண்டார்கள். அவர் நாட்டு அரசோ அந்தத் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்திவிட்டது. 2013இல் இங்கிலாந்து அரசியின் பெயரால் வழங்கும் பொறியியல் பரிசை இணையத்தின் மற்ற முன்னோடிகளோடு சேர்த்து அவருக்கும் கொடுத்தார்கள். அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் நடுப்பகுதி புதிதாக இருக்காது.

ஷெல் என்பதைப் பிரெஞ்சில் நேராகச் சொன்னால் கொக்கிய். சிப்பி, ஓடு. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அச்சுத் தொழிலில் எழுத்துப் பிழைக்குக் கொக்கிய் என்றுதான் பெயர். அப்பா சாப்பிட உட்காரும்போதே, "இன்னைக்கு மூணு கொக்கிய் விழுந்துடுச்சு" என்று அம்மாவிடம் சொல்வார். ஷெல்லும் எழுத்துப் பிழையும் ஒரே சொல்லாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. காரணத்தை வரும் பத்திகளில் சொல்கிறேன்.

பிராம்ப்ட் கதைக்கு வருகிறேன். நாடகத்தில் நடிகர் வசனம் மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பாரே, அவர் வேலைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். பிரெஞ்சில் இதை 'அன்வித்' என்கிறார்கள். அழைப்பு என்று பொருள். வாருங்கள், சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்று கணினி சொல்கிறதாம். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. அதனால் இங்கே அழைப்பு வரி என்றே எழுதுகிறேன்.

அந்தப் பழைய சி.டி.எஸ்.எஸ்.இல் ஒரு வேலை முடிந்ததும் 'ஆர்' என்ற ஓர் எழுத்தும், அந்த வேலைக்குச் செலவான கணினி நேரமும் அச்சாகும். தயார் என்பதற்கு அந்த ஆர். கணினி நேரம் தங்கம் மாதிரி இருந்த காலம், அதனால் ஒவ்வொரு முறையும் ரசீது போட்டார்கள். மல்டிக்ஸிலும் அப்படித்தான், மணி, செலவான நொடி எல்லாம் சேர்ந்து வரும். இன்றைக்கு இளைஞர்கள் தங்கள் அழைப்பு வரியில் 'போன ஆணைக்கு எத்தனை நொடி பிடித்தது' என்று காட்டவைத்துப் பெருமைப்படுகிறார்கள். தாத்தா காலத்துச் சங்கதி அது.

பிறகு யூனிக்ஸ் வந்தது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் மல்டிக்ஸின் ஆடம்பரம் வேண்டாம் என்று சிறியதாகச் செய்தார்கள். அழைப்பு வரியும் சிறுத்துவிட்டது. தாம்ப்சனின் ஷெல்லில் வெறும் % குறி. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லில் $ குறி. நிர்வாகி உள்ளே வந்தால் மட்டும் #. எங்கிருக்கிறோம், யாராக இருக்கிறோம், எதுவும் அதில் தெரியாது. ஆனால் போர்ன் ஒரு நல்ல காரியம் செய்தார். அந்தக் குறியை பி.எஸ்.1 என்ற மாறியில் வைத்தார். மாறி என்றால் மாற்றிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் $ குறிக்குப் பதில் தன் பெயரையோ பிள்ளையார் சுழியையோ போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலோர் போடவில்லை. போடலாம் என்று எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

1990களின் தொடக்கத்தில் குன்னூர்ப் பக்கம் நான் இருந்த அலுவலகத்துக்கு, பெயர் வேண்டாம், ஒரு யூனிக்ஸ் கணினியும் நாலு முனையங்களும் வந்து இறங்கின. கருப்புத் திரை, பச்சை எழுத்து. எங்களில் மூன்று பேருக்குப் பத்து நாள் பயிற்சி. பாதி நேரம் மின்சாரம் இருக்காது. சேமித்து வைக்கும் பிளாப்பித் தகடுகளை அலமாரியில் வைத்தால் ஆறு மாதத்தில் பூஞ்சை பூத்துவிடும். இங்கே தோல் செருப்பே பூக்கும், தகடு எம்மாத்திரம். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அரிசியைப் போட்டு அதற்குள் தகடுகளை வைத்துப் பார்த்தோம். அரிசியில் வண்டு வந்தது.

ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். ஒரு நாள் என் இளைய சகா வேகமாகத் தட்டும்போது விரல் தவறி கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திவிட்டார். திரை அப்படியே உறைந்தது. எதைத் தட்டினாலும் அசைவில்லை. "அண்ணே, செத்துப்போச்சுண்ணே!" என்று கத்தினார். பயந்து மொத்தக் கணினியையும் நிறுத்திப் போட்டோம். மற்ற மூன்று பேர் செய்துகொண்டிருந்த வேலையும் போயிற்று. அது சாகவில்லை என்று எனக்குத் தெரிந்தது இருபது வருடம் கழித்து. தந்தித் தட்டச்சு எந்திரங்களின் காலத்தில், காகிதத்தில் அச்சாகும் வேகத்தைவிடச் செய்தி வேகமாக வந்தால் 'கொஞ்சம் நிறுத்து' என்று சொல்ல வைத்த சைகை கண்ட்ரோல்-எஸ். 'இனி அனுப்பு' என்பதற்குக் கண்ட்ரோல்-க்யூ. காகிதம் போய்த் திரை வந்த பிறகும் அந்தச் சைகை அப்படியே தங்கிவிட்டது, இன்றைய லினக்ஸிலும் இருக்கிறது. திரை உறைந்தால் பதறாமல் முதலில் கண்ட்ரோல்-க்யூ அழுத்திப் பாருங்கள்.

1996இல், இதே மாதிரி ஒரு மழைக் காலத்தில், அது நடந்தது.

முதியோர் உதவித்தொகைப் பட்டியல் ஒன்றைக் கணினியில் ஏற்றியிருந்தோம். நானூற்றுச் சொச்சம் பேர். மாதா மாதம் அதிலிருந்து அச்செடுத்து அனுப்பினால் அவர்களுக்கு மணியார்டர் போகும். பட்டியல் இருந்த அடைவுக்குள்ளேயே, பழகுவதற்காகச் 'சோதனை' என்று இன்னோர் அடைவைப் பயிற்சி கொடுத்தவர் வைத்திருந்தார். அதில் கண்ட கண்ட கோப்புகள் சேர்ந்துவிட்டன, காலி செய் என்று மேலதிகாரி சொன்னார். எளிய வேலை. 'சிடி' என்று தட்டி அடைவின் பெயரைச் சொன்னால் உள்ளே போகலாம். போய், 'ஆர்எம்' என்று தட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அங்கே இருப்பது எல்லாம் அழியும்.

தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும்போது வருகிற வம்பு உங்களுக்கே தெரியும். சோதனையின் 'த'வுக்கு வெறும் டி போதும் என்று பயிற்சிக்காரர் எழுதியிருந்தார். நான் டி.எச். போட்டேன். அப்படி ஓர் அடைவு இல்லை என்று கணினி சொன்னது. நாலு முனையமும் ஓடுகிற நேரம், கணினி மெதுவாக இருந்தது. தட்டச்சில் உயர்நிலை தேறியவன் அல்லவா நான், விடைக்குக் காத்திருக்காமல் அடுத்த வரியையும் தட்டிவிட்டேன். நான் சோதனைக்குள் போகவே இல்லை, மெய்ப்பட்டியலின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்த எல்லாம் அழிந்தது. யூனிக்ஸ் 'நிச்சயமாகவா?' என்று கேட்காது. முடிந்ததும் திரையில் ஒரு $ குறி, எப்போதும் நிற்பது போலவே நின்றது.

ஒரே ஓர் எழுத்துப் பிழை. அப்பாவின் சொல்லில் ஒரு கொக்கிய்.

ஐந்து தகடுகளில் நகல் இருந்தது. இரண்டில் பூஞ்சை. காகிதப் பதிவேட்டை எடுத்துவைத்து நானும் அந்த இளைய சகாவும் நாலு இரவு உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். மாதக் கடைசிக்குள் பட்டியல் போய்விட்டது. 'கணினிக் கோளாறு காரணமாகத் தாமதம்' என்று மேலதிகாரி கோப்பில் எழுதினார். என்னைக் காப்பாற்றத்தான் எழுதினார். நான் குறிப்பைப் படித்துச் சுருக்கொப்பம் போட்டேன்.

மூன்றாம் மாதம் ஒரு அம்மா வந்தார். கோத்தகிரி சாலையில் ஓர் எஸ்டேட் லயத்தில் இருப்பவர். 1964இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்க ஒத்துக்கொண்டதே, அவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே வந்து கொழுந்து பறித்துத் தேய்ந்த கை. இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. "தபால்காரர் இல்லேன்னுட்டாரு ஐயா. பேரு பொட்டிக்குள்ள காணாம போச்சுன்னு சொல்றாங்க. அங்க ஒரு தடவ பேரு விட்டுப்போச்சு, இங்கயுமா?" என்றார். எங்கள் நாலு இரவில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. பதிவேட்டில் அவர் பெயர் ஒரு பக்கத்தின் கடைசி வரி.

உடனே சேர்த்தோம், நிலுவையும் சேர்த்து அனுப்பினோம். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். "கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பிரச்சினைம்மா" என்று சொன்னேன். நான்தான் என்று சொல்லவில்லை.

இப்போது யோசித்தால் அந்தத் தப்பைத் தடுக்க மூன்று வழிகள் அன்றைக்கே இருந்தன. பி.எஸ்.1ஐ மாற்றி நான் நிற்கும் அடைவைக் காட்டவைத்திருக்கலாம்; அந்தக் காலத்து ஷெல்லில் அது கொஞ்சம் சுற்றுவழி, ஆனாலும் முடியும். 'ஆர்எம்'மோடு ஒரு கோடும் 'ஐ'யும் சேர்த்திருந்தால் ஒவ்வொரு கோப்பாகக் கேட்டுக் கேட்டு அழித்திருக்கும். எல்லாவற்றையும்விட எளியது, இரண்டு ஆணைகளையும் ஒரே வரியில் எழுதி நடுவில் && என்று போடுவது. முதல் ஆணை பலித்தால்தான் இரண்டாவது நடக்கும் என்பது அதன் பொருள். அடைவுக்குள் போக முடியவில்லையா, அழிக்கும் வேலையும் இல்லை. இது 1979இன் போர்ன் ஷெல்லிலேயே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கிறவர்கள் அந்த இரட்டை & குறியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு டாஸ் வந்தது, அலுவலகத்தில் விண்டோஸ் வந்தது, நான் ஓய்வும் பெற்றேன். டாஸில் ஆரம்பத்தில் 'சி>' என்று மட்டும்தான் தெரியும். பிராம்ப்ட் என்ற ஆணையில் $பி$ஜி என்று கொடுத்தால் அடைவின் முழுப் பாதையும் தெரியும். எல்லா அலுவலகங்களிலும் யாரோ ஒரு புண்ணியவான் அதை ஆட்டோஎக்ஸெக் கோப்பில் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

2012 வாக்கில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளியில் அரசு மடிக்கணினி கிடைத்தது. அதில் விண்டோஸ் ஒன்று, பாஸ் லினக்ஸ் என்று இன்னொன்று. பாஸ் என்பது சென்னை சி-டாக்கில் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸின் மேல் கட்டியது. "தாத்தா, இது எதுக்குன்னே தெரியல, நீங்க பாருங்க" என்று கொண்டுவந்தாள். முனையத்தைத் திறந்தேன். அதே கருப்புத் திரை. ஆனால் $ குறிக்கு முன்னால் பயனர் பெயர், ஒரு @ குறி, கணினியின் பெயர், அதன் பிறகு நிற்கும் அடைவு. யாரும் கேட்காமலே அங்கே இருந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் "தாத்தா, ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

பிரையன் பாக்ஸ் என்பவர் 1989இல் வெளியிட்ட பாஷ் என்ற ஷெல் அது. போர்ன் ஷெல்லின் மறுபிறப்பு என்று பெயரிலேயே ஒரு சிலேடை. அதில் பி.எஸ்.1க்குள் சுருக்கெழுத்துகள் உண்டு. பின்சாய்கோடு போட்டு யூ என்றால் பயனர், ஹெச் என்றால் கணினி, டபிள்யூ என்றால் அடைவு, டி என்றால் மணி. தமிழ்நாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ந.க. எண், நாள் என்று போடுகிறோமே, அதுதான் இது. எண்ணும் நாளும் இல்லாத கடிதத்தை யாராவது அனுப்புவார்களா? நாங்கள் ஐந்து வருடம் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சொந்த அடைவில் நின்றால் பாதைக்குப் பதில் ~ என்ற அலைக்குறி தெரியும். அதற்கும் கதை உண்டு. 1970களில் ஏ.டி.எம்-3ஏ என்று ஒரு மலிவு முனையம் வந்தது. அதன் விசைப்பலகையில் 'ஹோம்' என்ற சொல்லும் அலைக்குறியும் ஒரே விசையில் அச்சாகியிருந்தன. வீட்டுக்கு அந்தக் குறி அப்படித்தான் ஒட்டியது.

நான் இப்போது வைத்திருக்கும் அழைப்பு வரி இரண்டு வரி கொண்டது. மேல் வரியில் மணியும் முழுப் பாதையும். கீழ் வரியில் வெறும் $. நிர்வாகியாக நுழைந்தால் மேல் வரி சிவப்பாகிவிடும். நிறம் காட்டுவதற்கு எஸ்கேப் என்ற குறியில் தொடங்கும் ஒரு எண்கோவை கொடுக்கவேண்டும், சிவப்புக்கு 31. அதில் ஒரு சூட்சுமம். நிறக் குறியீடு திரையில் இடம் பிடிக்காது, ஆனால் பாஷ் அதையும் எழுத்தாக எண்ணிவிடும். அப்புறம் நீளமான ஆணை தட்டினால் வரி மடங்காமல் தன் மேலேயே ஏறி எழுதிக்கொள்ளும். அதைத் தவிர்க்க நிறக் குறியீட்டை \[ என்றும் \] என்றும் இரண்டு பக்கமும் அடைக்கவேண்டும். இந்த அடைப்பு தெரியாமல் நான் ஒரு வாரம் கண்ணாடியை மாற்றவேண்டுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் அழைப்பு வரி வைக்கவும் ஆசைப்பட்டேன். வைக்கலாம், ஆனால் சரிப்படவில்லை. முனையம் என்பது கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரி, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். நம் 'கொ'வுக்கு முன்னும் பின்னும் கை கால் உண்டு, 'ணை'க்கு வேறு அகலம். எழுத்து ஓரிடத்தில், கர்சர் ஓரிடத்தில் நின்றது. 2010 கோவை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றாயிற்று, கைப்பேசியில் எல்லோரும் தமிழில் தட்டுகிறார்கள். இந்தக் கருப்புத் திரை மட்டும் இன்னும் கட்டத்தைவிட்டு வரமாட்டேன் என்கிறது.

மற்ற சில கைவழிகள். கண்ட்ரோல்-ஆர் அழுத்தி இரண்டெழுத்துத் தட்டினால் எப்போதோ தட்டிய ஆணை திரும்பி வரும். என் வயதுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. 'சிடி'க்குப் பின் ஒரு கோடு போட்டால் முன்பு இருந்த அடைவுக்கே திரும்பலாம். பாதிப் பெயர் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைத் தானே நிரப்பும். அன்றைக்கு இது இருந்திருந்தால் 'த'வுக்கு எச் போடுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழுந்திருக்காது. தட்டிய ஆணைகள் எல்லாம் ஹிஸ்டரி என்ற பதிவில் ஏறும், நம் தன் பதிவேடு போல. பல லினக்ஸ்களில் ஆணைக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் அது பதிவில் ஏறாது. பதிவேட்டில் ஏறாமல் காரியம் பார்க்கும் வழியைக் கணினிக்காரர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இந்த மலையில் இதெல்லாம் என்னைப் போன்ற கிழவனின் பொழுதுபோக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். ஊட்டியில் கென்னத் கொன்சால்வெஸ் என்று ஒருவர் வாழ்ந்தார். சட்டம் படித்தவர், கட்டற்ற மென்பொருளுக்கு வந்து, பைத்தான் மொழிக்காக இந்திய அளவில் அமைந்த சங்கத்தின் முதல் தலைவரானார். 2012இல் காலமானார். அவர் பெயரால் அந்தச் சங்கம் ஒரு விருது வழங்கிவருகிறது. நான் குன்னூரில் $ குறியோடு தனியாக மல்லுக்கட்டிய வருடங்களில் பத்தொன்பது கிலோமீட்டர் மேலே இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். ஒரு பஸ் ஏறிப் போயிருக்கலாம்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் இப்போது கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது என் மடிக்கணினியில் ஏதோ சரிசெய்ய '.பாஷ்ஆர்சி' கோப்பைத் திறந்தாள். முதல் வரியில் # போட்டு ஒரு தேதி மட்டும் எழுதியிருக்கிறேன். # போட்ட வரியை ஷெல் பொருட்படுத்தாது. "இது என்ன தேதி தாத்தா, உங்க கல்யாண நாளா?" என்றாள். அவளிடம்தான் முதன்முதலில் முழுக்கதையையும் சொன்னேன், அந்த அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பேக்கப் எடுக்கலையா தாத்தா?" என்றாள்.

எடுத்தோம், பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். பிளாப்பி என்றால் என்ன என்று கேட்டாள். அந்த பிஸ்கட் டின்னைப் பரணிலிருந்து இறக்கிக் காட்டினேன்.